கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன், முதல் வரியில் ஒரு சுழி

உ

முகிலா,

இதை நேரில் பேசியிருக்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து உன் வீட்டுக்கு வர அதிக நேரம் ஆகாது. ஆனால் நேரில் வந்தால் நீ மெல்பர்னுக்குக் குடிபோகப் பெட்டி அடுக்கிக்கொண்டே "சொல்லுங்கம்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பாய். பேரன் மடியில் ஏறிக்கொள்வான். மருமகள் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அங்கே குளிர் எப்படி இருக்கும், ஊறுகாயை விமானத்தில் விடுவார்களா என்று பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். போன முறையும் அப்படித்தான் ஆயிற்று. அதனால் எழுதுகிறேன். எழுதியதை நம் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். இது உனக்கான கடிதம்தான் என்றாலும், சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் வாசிக்கட்டும். கோபப்படாதே. முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

பாடம் தொடங்கும் முன் நேற்று நடத்தியதை ஒருமுறை திருப்பிச் சொல்வது என் பழக்கம். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். வாசிக்கத் திணறும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நீ ஒரு செயலி எழுதினாய். கதையை வரி வரியாகப் படித்துக் காட்டும். படிக்கப் படிக்க அந்தச் சொல் நிறம் மாறும். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதற்கு ஓர் இணையதளம். செயலியை இறக்கிக்கொள்ள, பயன்படுத்தும் முறையைப் படிக்க, ஒவ்வொரு கதைக்கும் ஒரு பயிற்சித்தாளை எடுத்துக்கொள்ள. பயிற்சித்தாள்களை எழுதித் தருவது என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. உனக்கும் கிடையாது.

பழைய தளத்துக்கு என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ஒரு நாள் காஜாங் பக்கத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், உங்க பக்கத்தைத் தொறந்தா சூதாட்ட விளம்பரமா வருது. ஸ்டாண்டர்ட் டூ பிள்ளைங்க பாத்துட்டாங்க" என்றார். எவனோ உள்ளே புகுந்திருந்தான். நீ துடைத்தாய், மறுபடி புகுந்தான். மூன்றாவது முறை நீ துடைக்கவில்லை, தளத்தையே இறக்கிவிட்டாய். அன்று காலை என் சமையலறையில் உட்கார்ந்து, கீழ்க்கடையில் வாங்கிவந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாய். பழைய தளம் ரொட்டி சானாய் கடை மாதிரி. ஆள் வந்து கேட்ட பிறகுதான் மாவைத் தட்டுவார்கள். அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், கடைக்குள் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும், கதவு திறந்தே இருக்கும். புதிய முறை நாசி லெமாக் பொட்டலம் மாதிரி. விடியற்காலையில் கட்டி மேசையில் அடுக்கிவிடலாம். வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். திருடன் புகுவதற்குச் சமையலறையே அங்கே இல்லை. இப்படிப் பொட்டலம் கட்டித் தரும் கருவியைத்தான் ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்கிறார்கள் என்று சொன்னாய். நான் எத்தனையோ வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். அவ்வளவு நல்ல உதாரணத்தை நானே சொல்லியிருக்க மாட்டேன். அன்று உன்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது என்று சொல்லவில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு அந்தக் கூட்டம். பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையின் மாடியில் எல்லோரையும் உட்காரவைத்து, மடிக்கணினியில் மூன்று கருவிகளைக் காட்டினாய். ஒன்று பழையது, நிறையப் பேர் பயன்படுத்துவது. கோப்புகளை வைத்திருக்கும் இலவச இடமே அதை ஓட்டிக்கொள்ளும், யாரும் தங்கள் கணினியில் எதையும் ஏற்ற வேண்டாம். இன்னொன்று மிக வேகமானது. ஒரே ஒரு கோப்பாக இறங்கும், ஆனால் வார்ப்புருக்களை எழுதுவது தலைவலி. மூன்றாவது கவிதா சொன்னது. செந்தூலிலிருந்து வரும் அந்தப் பெண், பங்சாரில் அலுவலக வேலை, வார இறுதியில் நமக்கு உழைப்பவள். அவள் சொன்ன கருவியில் பக்கம் அழகாக வரும், ஆனால் தன்னோடு நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டித் துணைப்பொருள்களை இழுத்துவரும், அவற்றில் ஒன்று மாறினாலும் எல்லாம் நின்றுவிடும் என்று நீ சொன்னாய். அவள் மறுத்தாள். நீ முதல் கருவியைத் தேர்ந்தெடுத்தாய். "உங்களுக்கெல்லாம் சரியா?" என்று கேட்டாய். எல்லோரும் சரி என்றார்கள். கிள்ளானிலிருந்து வந்திருந்த தணிகாசலம் சார், தொட்டுப் பார்க்காத மடிக்கணினியை நோக்கித் தலையசைத்து, "ரொம்ப நல்லாருக்கு தம்பி" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கூட்டத்துக்கு முந்திய நாள் நான் ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். பையன் வேலையும் பார்த்து, கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறான், எதுவும் குறை சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். நீ சோர்ந்துவிடக் கூடாது என்று செய்தேன். அவர்கள் சரி என்றது கருவிக்கு இல்லை, எனக்கு. அந்தச் சரியை நம்பி நீ தளத்தைக் கட்டினாய்.

எங்கள் ஆசிரியர் அறையில் வளர்ந்த சரி அது. தலைமையாசிரியர் புதிதாக ஏதாவது கொண்டுவருவார். அதற்காக அவர் உழைத்திருப்பது முகத்திலேயே தெரியும். உழைத்தவர் முன்னால் முடியாது என்று சொல்வது மரியாதை இல்லை. எல்லோரும் சரி சார் என்போம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் யாரும் செய்திருக்க மாட்டோம். யார் மேலும் கோபம் இருக்காது. அவருக்கு மட்டும் ஏன் என்று தெரியாது. நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதான், மறந்துவிடாதே. உனக்குப் பத்து வயதில் அப்பா சிவப்புச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்டார், சரிப்பா என்றாய். அது அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் துருப்பிடித்தது. அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். இருக்கை உயரம், கால் எட்டவில்லை என்று நீ கல்லூரிக்குப் போன பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். ஒரு ஸ்பேனர் போதும், முகிலா. லிஃப்ட் பழுது பார்க்கிற உன் அப்பாவிடம் ஒரு ஸ்பேனரா இல்லாமல் போயிற்று?

இப்போது குழுவில் மறுபடியும் கருவிச் சண்டை நடக்கிறது. வாரக்கணக்காகப் பார்க்கிறேன். நீ புறப்படும் முன் எல்லாவற்றையும் அந்த வேகமான கருவிக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறாய். கவிதா தன் கருவிக்குத்தான் மாற வேண்டும் என்கிறாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு படம் போட்டு, எத்தனை நொடியில் தளம் தயாராகிறது என்று வாதாடுகிறீர்கள். நடுவில் மற்றவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நீ எழுதினாய்: "யாருக்குமே அக்கறை இல்ல. தணிகாசலம் சாரே விட்டுட்டார். இந்த சனிக்கிழமைக்குள்ள முடிவு வரலன்னா சைட்ட மூடிடுறேன்." அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது. உன் களைப்பும் அதில் தெரிந்தது. நீ தளத்தை மூடுவதுகூடப் பெரிதில்லை. எத்தனையோ நல்ல காரியங்கள் செய்தவர்கள் களைத்துப்போனதால் நின்றிருக்கின்றன, இதுவும் நிற்கலாம். ஆனால் யாருக்கும் அக்கறை இல்லை என்று நினைத்துக்கொண்டு நீ விமானம் ஏறுவதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த நினைப்பு உன்னோடு அந்த ஊருக்கும் வரும். அங்கேயும் யாருக்காகவும் எதையும் செய்ய உனக்குத் தோன்றாது.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு, தணிகாசலம் சார் வீட்டுக்குப் போனேன். கொமுட்டர் ரயிலில் போகலாம் என்றிருந்தேன், கவிதா தன் காரில் அழைத்துப்போனாள். அவளுக்கு வேறு எண்ணம். சாரிடம் தன் கருவியைக் காட்டி அவர் வாக்கை வாங்கிவிட வேண்டும். வழி முழுக்க "சார் மட்டும் ஓக்கே சொன்னா முகில் அண்ணன் ஒத்துக்குவாருல்ல ஆன்டி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஒத்துக்கொள்வான் என்றேன். எனக்கும் யாருக்காவது சரி சொல்லிப் பழகிவிட்டது.

சார் எங்களை உட்காரவைத்து, வெகுநேரம் உன் பயணத்தைப் பற்றியே விசாரித்தார். ஏன் பயிற்சித்தாள் எழுதுவதை விட்டுவிட்டீர்கள் என்று நான்தான் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் விடல டீச்சர். தம்பி சொல்லிக் குடுத்த மாதிரியே ஆறு தாள் ஏத்தினேன். ஒண்ணுகூட சைட்ல வரல. தரம் பத்தலன்னு தம்பி எடுத்துட்டாரு போலன்னு இருந்துட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"எப்படி லா கேக்கறது? கேட்டா அவரு என்ன பதில் சொல்லுவாரு? பாவம், அவருக்குத்தான் சங்கடம்."

ஆறு தாள், முகிலா. முதல் தாள் வராதபோதும் இரண்டாவது எழுதினார். இரண்டாவது வராதபோது, இன்னும் நன்றாக எழுத வேண்டும் போலிருக்கிறது என்று மூன்றாவது எழுதினார். என் மாணவர்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மதிப்பெண் குறைந்தால் எப்படித் தங்களையே குறை சொல்லிக்கொள்வார்களோ, அப்படி. ஆறாவதற்குப் பிறகு, தனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். கோப்புகள் வந்து சேர்ந்ததாக உனக்கு அறிவிப்பு வந்தது. வந்துவிட்டது, முடிந்தது என்று விட்டுவிட்டாய். தளத்தைத் திறந்து பார்க்கவில்லை. பிறகு வருவது நின்றதும் சாருக்கு ஆர்வம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டாய். அவர் உன்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று கேட்கவில்லை. நீ அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் எவ்வளவு மரியாதையானவர்கள்!

கவிதா சாரின் கோப்புகளைத் தன் மடிக்கணினியில் திறந்தாள். அந்தக் கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நீதான் எங்களுக்கு மாதிரி கொடுத்திருந்தாய். முதல் வரியில் மூன்று சிறு கோடுகள். அதன் கீழே தலைப்பு, எந்த வகுப்பு, எந்தக் கதை. மறுபடி மூன்று கோடுகள். பிறகு பயிற்சி. அந்தக் கோடுகளை முதல் வரியில் பார்த்தால்தான் கருவிக்கு இது இன்ன வகுப்பு, இன்ன கதை என்று புரியும். சாரின் கோப்பில் எல்லாம் இருந்தன. ஒரு புள்ளி தவறவில்லை. கவிதா திரையை அருகில் இழுத்துப் பார்த்தாள்.

"சார், மேல இது என்ன?"

"எதும்மா?"

"கோட்டுக்கு மேல. உ-ன்னு ஒண்ணு இருக்கு."

"பிள்ளையார் சுழிம்மா. அது இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?"

கவிதா சிரிக்கத் தொடங்கி, சார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆறு கோப்பிலும் முதல் வரியில் சுழி. கோடுகள் இரண்டாவது வரிக்குப் போய்விட்டன. கருவி முதல் வரியைப் பார்த்தது, கோடு இல்லை, இது தலைப்பில்லாத ஏதோ ஒன்று என்று ஒதுக்கிவிட்டது. எந்த வகுப்புப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. தவறு என்றும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு மற்றப் பக்கங்களைக் கட்டி அடுக்கிவிட்டு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பச்சைக் குறி காட்டிவிட்டது. சமையலறையிலிருந்து சாரின் மனைவி எட்டிப் பார்த்து, "தடங்கல் வரக்கூடாதுன்னு போட்டீங்க. கடைசில தடங்கலே பிள்ளையாருதானா?" என்றார். சார் உட்பட எல்லோரும் சிரித்தோம். சார்தான் முதலில் நிறுத்தினார்.

கவிதா ஒரு தாளில் மட்டும் சுழியைக் கோடுகளுக்குக் கீழே இறக்கிவைத்தாள். நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது தளத்தில் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு, ஆமையும் படகும் கதைக்கான பயிற்சி. சார் தன் கைப்பேசியில் திறந்து, தான் எழுதிய கேள்விகளைத் தானே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். வாசித்து முடித்து, "நாலாவது கேள்வி கொஞ்சம் கஷ்டமா இருக்கு இல்ல?" என்றார். கவிதா, "இனிமே சுழிய ரெண்டாவதா போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டாள். சார் கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா" என்றார்.

எனக்கு அந்தச் சரி தெரியும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நரைத்தேன். அது ஏழாவது தாள் வராது என்று சொல்லும் சரி. அவர் முரட்டுப் பிடிவாதக்காரர் இல்லை. ஆனால் எழுபது வயதுவரை எழுதிய ஒவ்வொரு தாளிலும், விடைத்தாள் திருத்திய மதிப்பெண் பட்டியலிலும், மளிகைச் சீட்டிலும் முதலில் போட்டதை, ஒரு கருவி கேட்கிறது என்பதற்காக இரண்டாவதாகப் போட்டால், எழுத உட்காரும்போதெல்லாம் அவருக்குக் கை தயங்கும். தயங்கித் தயங்கி ஒரு நாள் உட்காராமல் இருந்துவிடுவார். கேட்டால் நேரமில்லை என்பார். நாமும் நம்பிவிடுவோம்.

காரில் திரும்பும்போது, பெடரல் ஹைவேயில் நெரிசலில் நின்ற நேரத்தில் கவிதா, "ஆன்டி, என் கருவில இத போட்டா என்ன ஆகும்னு யோசிச்சேன். மொத்த சைட்டும் நின்னுடும். இங்கிலீஷ்ல நாப்பது வரிக்கு எரர் வரும். அதுக்கு இதுவே பரவால்ல" என்றாள். உன்னுடைய வேகமான கருவியில் என்ன ஆகும் என்று கேட்டேன். பக்கம் வரும், ஆனால் தலைப்பு இல்லாமல், கோடும் குறிப்பும் பயிற்சியோடு கலந்து கந்தரகோளமாக வரும் என்றாள். மூன்று கருவிகளிலும் சாருக்கு இடமில்லை. வாரக்கணக்காக நீங்கள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது இதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை. உங்கள் இருவருக்கும் கோடுகள்தான் முதல் வரி. இன்னொருவருக்கு வேறொன்று முதல் வரியாக இருக்கும் என்று தோன்றாது.

ஆகையால், சனிக்கிழமைக்குள் நீ முடிவு செய்யப்போகும் விஷயத்தில் என் வேண்டுதல் இதுதான். எந்தக் கருவி என்பது எனக்கு முக்கியமில்லை. பெயர்கள் எனக்கு நினைவிலும் நிற்பதில்லை. பழையதையே வைத்துக்கொண்டாலும் சரி, மாற்றினாலும் சரி. சோதிக்கும்போது முதல் வரியில் சுழி போட்டுச் சோதித்துப் பார். சாரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நீ கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நில். அவர் தப்புச் செய்தால் கருவி அவருக்குப் புரிகிற மொழியில் சொல்கிறதா, அல்லது பச்சைக் குறி காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறதா என்று பார். நீ மெல்பர்னில் தூங்கிக்கொண்டிருக்கும்போது கிள்ளானில் ஒருவர் யாரையும் கேட்காமல் ஒரு தாள் ஏற்றி, அது வந்ததைத் தன் கண்ணால் பார்க்க முடிந்தால், அதுதான் நமக்கான கருவி. அதன் பிறகு நீ களைப்பாக இருந்தால் விட்டுவிடு. தாராளமாக விட்டுவிடு. உன் பங்கை நீ செய்துவிட்டாய்; கவிதா இருக்கிறாள்; அவளும் களைத்தால் வேறு யாராவது வருவார்கள், அல்லது வரமாட்டார்கள். என் முழங்கால் இப்போதெல்லாம் மாடிப்படியை எண்ணி எண்ணி ஏறுகிறது. எல்லாவற்றையும் எல்லாக் காலமும் தூக்கிச் சுமக்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா?

போகும் முன் சாரை ஒரு முறை கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அவருக்குச் சங்கடம். நாலாவது கேள்வி கொஞ்சம் கஷ்டம்தான் என்று மட்டும் சொல். நீ வாசித்திருக்கிறாய் என்று அவருக்குப் புரிந்துவிடும். இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க டீச்சர், ஆனா தம்பி மனசு நோகாம எழுதுங்க" என்றார். என்னால் முடிந்தவரை எழுதியிருக்கிறேன்.

பெட்டிகளை அடுக்கி முடித்த பிறகு, நேரம் இருந்தால், இந்தக் கடிதத்தின் மேலே போய்ப் பார். உன் பெயருக்கும் மேலே நானும் ஒன்று போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு எழுதிய ஒவ்வொரு விடுப்புக் கடிதத்திலும், விடுதிக்கு அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்தின் சீட்டிலும் போட்டதுதான். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். கவனிக்காமலே தாண்டி வந்து, முகிலா என்ற இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருப்பாய். அதற்காக உனக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. நாம் இனி எந்தக் கருவியை வைத்துக்கொண்டாலும், அதற்கு மட்டும் நீ சுழியைத் தாண்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போ.

அம்மா